பின்பக்கத்துப் பாரம்

என் மனுசியின் தமையன் செத்து முப்பத்தோராம் நாள். காரியம் நடக்கும் மண்டபத்துக்குச் சமைத்துக் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு. சோற்றுக் கிடாரத்தையும் கறிச்சட்டிகளையும் எங்கள் சின்னக் காரின் பின்பக்கத்தில் ஏற்றினோம். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் எசன் நகரில் அன்று விடியவே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

"இஞ்சேருங்கோ, பனியில வழுக்காத விண்டர் ரயர் இன்னும் போடேல்லையே?" என்று மனுசி கேட்டாள்.

"பின்னுக்கு இவ்வளவு பாரம் இருக்கு, வழுக்காது. நீர் காரில ஏறும்" என்றேன்.

ஊரில் நான் ஓடிய, பின் சில்லுகள் இழுக்கும் வான் வண்டிக்கு அது சரி. இந்தக் காரை இழுப்பதோ முன் சில்லுகள். பின்னுக்குப் பாரம் ஏற, முன்பக்கம் நிலத்தில் அழுந்தாது. அதை நான் யோசிக்கவேயில்லை.

மண்டபத்துக்கு ஏறும் மேட்டில் முன் சில்லுகள் சும்மா சுழன்றன. சில்லுக்குக் கட்டை வைக்கிறேன் என்று மனுசி இறங்கிப் பின்னால் போனாள். நான் பிரேக்கை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் கார் பின்னுக்கு வழுக்கியது. அவள் கத்தியது கேட்டது. காருக்கும் மதிலுக்கும் நடுவில் அவளின் கால்.

மதிலுக்குப் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் ஓடிவந்தார். இரண்டு பேருமாகக் காரைத் தள்ளி அவளை எடுத்தோம். அவர் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்து, அம்புலன்ஸ் வரும்வரை பனியில் முழந்தாளிட்டு அவளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருதரம் என் ரயரைப் பார்த்தார்.

அந்தக் காலுக்குள் இப்போது கம்பி இருக்கிறது. அவளுக்குப் படி ஏற ஏலாது. கோயிலில் யாராவது விசாரித்தால், "ஸ்னோவில விழுந்திட்டன் அக்கா" என்று சொல்லிவிடுகிறாள்.

நானும் பக்கத்தில் நின்று, ஓம் என்று தலையாட்டுகிறேன்.