கோணல் புகைபோக்கிகள்

அறுபதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். அங்கே கொழுந்தெடுத்த ஓர் அம்மா, பேசத் தொடங்குமுன் குளிர்காய்வதுபோல் இரு கைகளையும் நீட்டிக்கொள்வார்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் புகை அதிகமென்று, அடுப்புகளையெல்லாம் வெளியே ஒரே கொட்டகையில் வைக்கச் சொன்னார் தோட்டத்தை நிர்வகித்த துரை. மறுநாளே பெண்களைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா ஆபீசுக்கு வந்து கைகளை நீட்டினார்.

"எங்களுக்குக் குளிருக்கும் அதே அடுப்புதானுங்க தொர. ஒங்க பங்களாவுல நெருப்ப வெளியில வச்சிட்டா உள்ள படுக்கிறீங்க? எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

துரை இறங்கிவந்தார். அடுப்பு உள்ளேயே இருக்கட்டும், புகைபோக்கி கட்டலாம் என்றார். மேசனை அந்த அம்மாவிடமே கூட்டிப்போய், எந்த மூலையில் கட்டுவதென்று கேட்டேன்.

"என் வீட்டுக்குத்தான் நான் சொல்லுவேன். மத்தவங்கள அவங்கவங்க வாசல்ல போய்க் கேளுங்கய்யா."

கேட்டோம். புகைபோக்கிகள் ஆளுக்கொரு பக்கமாகக் கோணல்மாணலாய் எழுந்தன. துரைக்கு ஒரே எரிச்சல். அதைவிட அழகான லயத்தை நான் பார்த்ததேயில்லை.