வீங்காத கன்னம்

கன்னட மலைநாட்டுப் பக்கம், காட்டோரத்தில் குழாய் பதிக்கப் போயிருந்த என் கணவர் ஸ்ரீராம்புரம் வீட்டுக்குக் காய்ச்சலோடு திரும்பி வந்தார். தலை பிளக்கிறது, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது என்றார்.

"அங்க யாருக்கோ மங்கன காயிலேன்னு பேசிக்கிட்டாங்க," என்று முனகினார்.

மங்கன காயிலே என்றால் கன்னடத்தில் குரங்கு நோய். பொன்னுக்கு வீங்கிக்கும் கன்னடத்தில் குரங்கின் பெயர்தான், மங்கன பாவு. எனக்குத் தெரிந்த குரங்கு அது ஒன்றுதான். கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்பார்கள். பெரிய வைத்தியச்சி மாதிரி என் ஒரே சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டேன். அரை மணிக்கொரு தரம் கன்னத்தைத் தடவினேன். வீங்கவே இல்லை. காய்ச்சல் ஏறுகிறது, கன்னம் அப்படியே இருக்கிறது. இது என்ன கூத்து என்று ஒன்றும் விளங்காமலே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் ஈறில் ரத்தம் கண்டதும் ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "காட்டுப் பக்கம் போனாரா? உணுகு ஏதாச்சும் கடிச்சுதா?" என்று கேட்டார்.

"குரங்கெல்லாம் கடிக்கலீங்க மேடம்."

"குரங்கில்லம்மா, உணுகு. அது கடிச்சுத்தான் மங்கன காயிலே வரும். நாய் காதுல ஒட்டிக்கிட்டு இருக்குமே!"

உண்ணி! வந்த அன்று உடம்பைத் துடைத்துவிடும்போது, முழங்காலுக்குப் பின்னால் எள் அளவில் கறுப்பாக ஒன்று தட்டுப்பட்டது. மச்சம் என்று விட்டுவிட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக இல்லாத மச்சம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் இன்னும் என் மேல் எனக்குத் தீரவில்லை.

நர்ஸ் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிழைப்பார் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

போன வாரம் எங்கள் சந்தில் சுகாதாரக் கூட்டம். முழுக்கைச் சட்டை போடுங்கள், பூச்சி அண்டாத எண்ணெய் தடவுங்கள், திரும்பியதும் குளித்து உடம்பு முழுக்கப் பாருங்கள், காய்ச்சல் வந்தால் போய்வந்த இடத்தை டாக்டரிடம் சொல்லுங்கள் என்று வந்திருந்த அம்மா கன்னடத்தில் விளக்கினார். பேச்சுக்குப் பேச்சு மங்கன காயிலே. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் புருஷன் திங்கட்கிழமை அதே குழாய் வேலைக்குக் கிளம்புகிறான். அவள் தலையாட்டிக்கொண்டே தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

அவள் கையைக் கன்னத்திலிருந்து எடுத்து, அவள் முழங்காலுக்குப் பின்னால் வைத்தேன்.

"தினமும் இங்க பாக்கச் சொல்லுடி அவர," என்றேன்.