உப்பளத்தில் பனிக்காலம்

பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த கொரோனா வருடத்தில் எங்கள் மாமா மரக்காணத்தை விட்டு நகராமலே வெளிநாடு போய்வந்தார். அந்தப் பயணத்துக்கு ஏற்பாட்டாளர் நான்தான். அப்போது ஏழாம் வகுப்பு. என்னால் ஆகாத காரியம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் இருந்தவர். ரிசார்ட்டை மூடியதும் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வானூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளி, ஆன்லைனில் ஆங்கிலம் நடத்த ஆள் தேடியது. ஒரு மாதம் நடத்தட்டும், பெற்றோருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். மாமா அன்றே நிரந்தரமாகிவிட்ட நடையில் நடந்தார்.

இடைஞ்சல் வீடுதான். போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் கொடியில் துணி. இல்லாவிட்டால் துணியே இல்லாமல் என் தம்பி.

"வெள்ளையா ஒரு செவுரு எங்கனா இருக்குதா பாரு பாப்பா" என்றார் மாமா.

அம்மா கூலிக்கு உப்பு வாரும் உப்பளத்துக்கு அழைத்துப் போனேன். ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளை வெளேரென்று குவியல்கள். அவற்றின் முன்னால் மாமா உட்கார்ந்தார். போன் ஸ்டாண்டாக நான் நின்றேன். என்ன ஆனாலும் கை ஆடக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட ஒரே கட்டளை.

முதல் நாளே ஒரு பையனின் அம்மா கேட்டார்: "சார், பின்னாடி பனிமலையா? குளிரலையா உங்களுக்கு?"

மாமா பொய் சொல்லவில்லை. "இட் இஸ் மேனேஜபிள், மேடம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஆவணி வெயிலில் ஸ்வெட்டரோடு வந்து உட்கார்ந்தார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன்டா, வேத்து ஊத்துது, கம்பளிய மாட்டிக்கினு குந்தினு இருக்க. பேய் கீய் புடிச்சிக்கிச்சா?" என்று கூடையோடு கடக்கும்போதெல்லாம் கேட்டாள். மாமா மைக்கை அணைத்துவிட்டுச் சிரிப்பார்.

மாதம் முடியும் தறுவாயில், தலைமை ஆசிரியையே வகுப்பைப் பார்க்க வந்திருந்த நாளில், மேற்கே கறுத்தது. பொட்டென்று முதல் துளி.

"டேய்! இங்கிலீஷு எங்கியும் ஓடிடாது, உப்பு கரைஞ்சிடும். கீத்த தூக்குடா!"

அம்மாவின் குரல் மைக் இல்லாமலே வானூருக்குக் கேட்டிருக்கும். மாமா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி வீசிவிட்டுப் பனியனோடு ஓடினார். பனிமலைமேல் ஏறித் தென்னங்கீற்றுகளை இழுத்து இழுத்து மூடினார். நான் கட்டளைப்படி கை ஆடாமல் அத்தனையையும் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான், போனில் அதுவரை பெயர் மட்டும் தெரிந்த கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. ஒரு முகத்துக்குப் பின்னால் மாடு. இன்னொன்றுக்குப் பின்னால், ஒழுகும் கூரைக்கு அடியில் ஒரு குண்டான்.

"சார், லெஃப்ட் சைடு! லெஃப்ட் சைடு பறக்குது சார்!" என்று, மாதம் முழுக்க வாய் திறக்காத ஒருவன் அலறினான்.

"டேய், உன் மாட்ட உள்ள கட்டுடா மொதல்ல!" என்றான் இன்னொருவன்.

சாயங்காலம் தலைமை ஆசிரியை போனில் வந்தார். மாமா பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் எடுத்தார்.

"வர்ற மாசமும் நீங்களே எடுங்க சார். பசங்க இன்னிக்குத்தான் கேமராவே போட்டாங்க. ஸ்வெட்டர் மட்டும் வேணாம்."

மாமாவின் வேலையை நான்தான் காப்பாற்றினேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தப் பிள்ளைகள் ஏன் ஒரு மாதம் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. டேட்டா மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். வீட்டை மறைக்க எங்களுக்காவது ஒரு மலை உப்பு கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது கேமராவை அணைக்க ஒரு பொத்தான்தான்.