எங்கள் நைனா தேடிய சத்தம்

எங்கள் அழைப்பை ஏற்று முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். எங்கள் நைனாவைக் கடலில் பார்த்தவர்கள் நீங்கள். கடைசி எட்டு மாதம் அவர் ஒரு பழைய காருக்கு அடியில் படுத்துக் கிடந்ததையும் பார்த்தவர்கள்தான். "இன்னாத்துக்கு இந்த ஆளுக்கு இந்த வயசுல கார் பைத்தியம்?" என்று என் காதுபடவே சிலர் கேட்டதுண்டு. அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது பதில் சொல்கிறேன்.

நைனா பிறந்தது, வளர்ந்தது, வலை பிடித்தது எல்லாம் லைட்ஹவுஸ் குப்பத்தில்தான். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலில் இறங்கியவர். தங்கைகள் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகே அம்மாவைக் கைப்பிடித்தார். கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று போகும். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. படகு இறங்கும் வேளையில் பெண்கள் யாரும் 'பயம்' என்ற சொல்லை எடுக்கக் கூடாது. நாளடைவில் அந்தச் சொல் எந்த வேளையிலும் எங்கள் வீட்டுக்குள் வராமலே போய்விட்டது. புயலடித்த நாட்களில்கூட அம்மா வாயை மூடிக்கொண்டு அடுப்பைத்தான் கிளறிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் மூன்று நாள் பொன்னேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும், ஒரு நாள் தவறினாலும் மூச்சு முட்டும், தொடர்ந்து தவறினால் உயிருக்கே உத்தரவாதமில்லை என்று டாக்டர் நைனாவிடம் சொல்லிவிட்டார். ஆட்டோவில் போனால் அம்மா குலுங்கிக் குலுங்கித் துவண்டுபோவார். நைனா ஃபைபர் படகில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டு, சென்னையில் டாக்சியாக ஓடி ஓய்ந்த ஒரு வெள்ளைக் காரை வாங்கிவந்தார். அம்மா காலை நீட்டிப் படுக்க அதன் பின்சீட்டு போதும் என்பது மட்டுமே அவர் கணக்கு.

கார் வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கதவைச் சாத்தினால் துரு கொட்டும். நைனா துருவைச் சுரண்டி, ஓட்டைக்குத் தகடு வைத்து, படகுக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அடித்தார். பிரஷ்ஷின் மயிர் இன்றைக்கும் பானெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழவேற்காட்டில் பட்டறை வைத்திருக்கும், நைனாவின் சிநேகிதரான மெக்கானிக் பாய் எஞ்சினைச் சரி செய்து கொடுத்தார். முதல் பயணத்துக்கு அம்மா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு ஏறினார்.

பழவேற்காட்டுப் பாலத்தின் இணைப்புகளில் ஏறியதும் பின்பக்கம் 'கடக், கடக்' என்று அடிக்க ஆரம்பித்தது. பொன்னேரி வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடித்தது. அடுத்த முறை கிளம்பும்போது அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்த அடி என் எலும்புல எறங்குது. இன்னிக்கி நான் வர்ல," என்றார்.

நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படியே காருக்கு அடியில் புகுந்துவிட்டார். அன்று தொடங்கியது இந்தத் தேடல்.

முதலில் டிக்கியில் கிடந்த ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் கோணியில் சுற்றிக் கட்டினார். சத்தம் போகவில்லை. போல்ட்டுகளை எல்லாம் முறுக்கினார். போகவில்லை. பாய் சொன்னபடி பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். அப்போதும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் வந்து "கண்டுபுடிச்சிட்டேன், இனிமே அடிக்காது" என்பார். அம்மா ஏறுவார், பாலத்தில் அடிக்கும், அதற்கடுத்த முறை அம்மா வரமாட்டார். மூன்றில் ஒரு முறை தவறியது. முகம் வீங்கி, தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறும் அம்மாவைப் பார்க்கச் சகிக்காமல் நைனா மறுபடி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். வேறு ஆட்டோ பிடிக்கலாம் என்றால் அம்மா அதற்கும் இடுப்பு வலி என்பார். என்னால் இருவரையும் திட்டத்தான் முடிந்தது. வாய் வலிக்கத் திட்டினேன்.

துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் பிடியில் காதை வைத்துக் கத்தாளை மீன் கூட்டம் கத்துவதைக் கேட்கிற பழக்கம் நைனாவுக்கு உண்டு. ஒரு நாள் வீட்டிலிருந்த பழைய துடுப்பை எடுத்துவந்து பின்சீட்டைக் கழற்றிப் போட்டார். துடுப்பின் அலகைக் கார் தரையில் ஊன்றி, பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கென்றே எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். பாலத்தில் நான் போகவும் வரவும் ஓட்ட, அவர் அலகை இங்கே வை, அங்கே வை என்று நகர்த்திக் கேட்டார். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. நைனா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "எடது பக்கம் பின்னால. பட்டை ஸ்பிரிங்கு மாட்டற எடம். அங்கதான் கீது," என்றார்.

சரியாகத்தான் சொன்னார். ஸ்பிரிங்கைத் தாங்கும் ரப்பர் புஷ் காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் அதற்கு அவர் செய்த வைத்தியம்தான் தப்பாகிவிட்டது. காய்ந்துபோன எதற்கும் மீன் எண்ணெய் என்பதுதான் அவர் கற்ற பாடம். வள்ளத்துக் கட்டைக்கு ஆயுசு முழுக்கப் பூசிய கை அது. சூடாக்கிய மீன் எண்ணெயை இரண்டு பக்கத்து ரப்பரிலும் வழிய வழிய ஊற்றினார்.

சத்தம் நின்றுவிட்டது. நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு வாரம் அம்மா ஒரு முறைகூடத் தவறாமல் போய்வந்தார். அந்த இரண்டு வாரமும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. எண்ணெய் நாற்றம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் பாலத்தில் முன்னைவிடப் பலமாக 'கடக்' என்றது. நைனா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். அன்று மாலை அம்மா இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதையும் நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பாய் வந்து கழற்றிப் பார்த்தார். ரப்பர் ஊறி உப்பி, விரல் பட்டதும் பிய்ந்து வந்தது.

"இன்னாண்ணா பண்ட்ட? ரப்பருக்கு எண்ணெ ஆவாதே," என்றார் பாய்.

நைனா அந்த ரப்பர் துணுக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தாம் நல்லதென்று செய்ததே கெடுத்துவிட்டது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் புது புஷ் வாங்கச் சென்னைக்குப் பஸ் ஏறினார்.

திரும்பி வரும்போது திருப்பாலைவனத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று பஸ்ஸை விட்டு இறங்கி உட்கார்ந்தாராம். அங்கிருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரிக்கு விரைந்தார்கள். போய்ச் சேரும் முன்பே எங்கள் நைனா எங்களை விட்டுப் போய்விட்டார். அவர் சட்டையோடும் செருப்போடும் ஒரு பிளாஸ்டிக் பையையும் எங்களிடம் கொடுத்தார்கள். அதில் நான்கு ரப்பர் புஷ்கள் இருந்தன.

சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் பாய் யாரும் கூப்பிடாமலே வந்து அவற்றை மாட்டிக் கொடுத்தார். இடையில் அம்மாவை ஆட்டோவில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்வந்தோம். அன்று பாய் காரை ஓட்ட, நானும் அம்மாவும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். பாலத்தில் ஏறியது. முதல் இணைப்பு, இரண்டாவது இணைப்பு. ஒரு சத்தமும் இல்லை. ஏரிக் காற்று மட்டும் கேட்டது.

"சத்தம் வர்லியே," என்றார் அம்மா.

"இல்லம்மா. நைனா சரியாத்தான் கண்டுபுடிச்சிருக்காரு."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா கீதும்மா," என்றார்.

அம்மா வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. தன் ரத்தம் குழாயில் வெளியே ஓடுவதைப் பார்க்க முடியவில்லை என்றார். பக்கத்துக் கட்டிலில் ஊறுகாய் கொடுத்த பெண் அடுத்த வாரம் இல்லை என்றார். காரின் சத்தம் என் எலும்பில் ஒரு நாளும் இறங்கவில்லை, அன்றைக்கு ஒரு நாள் தப்பிக்கத்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், சொன்ன கையோடு அவர் அடியில் போய்ப் படுத்துவிட்டார், அதன்பின் வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை என்றார்.

"பயம்னு சொல்லியிருந்தா, என் கையப் புடிச்சினு கூடவே உக்காந்திருப்பாரு. நான் அவர காருக்கு அடியில படுக்க வெச்சிட்டேன்."

ஓட்டிக்கொண்டிருந்த பாய் திரும்பிப் பார்க்கவில்லை. திருப்பாலைவனத்துப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது மட்டும் வண்டியை மெதுவாக்கினார்.

இதை எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன். அம்மாதான் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லாமல் வைத்திருப்பார்கள், படிக்கட்டும் என்றார்.

திருப்பாலைவனத்தில் நைனாவுக்குத் தண்ணீர் கொடுத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்ட முகம் தெரியாத அம்மாவுக்கும், ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கும், மெக்கானிக் பாய்க்கும், கரைக்கு வந்து தோள் கொடுத்த லைட்ஹவுஸ் குப்பத்து, பசியாவரத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. இப்போது காரை நானே ஓட்டுகிறேன். ஊசி குத்தும்போது அம்மா "பயமா கீது" என்று வாய்விட்டே சொல்கிறார். நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொரு கையை நான் பிடித்துக்கொள்கிறேன். நைனா, இந்த ஒரு வருடத்தில் அம்மா ஒரு நாளும் தவறவில்லை.