சயாமுக்குப் போனவரின் பங்கு

ஜப்பான்காரன் பினாங்குக்குள் வந்து கப்பல் தபால் நின்றபோது, என் வணிகப் படிப்பும் பாதியில் நின்றது. பாடங்கள் லண்டனிலிருந்து வரும்; இங்கிருந்து பதில் எழுதி அனுப்ப வேண்டும். கடைசியாக வந்த பாடம் வணிக அறம். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒருவர் நேர்மையாக நடப்பாரா, உதாரணத்துடன் விளக்குக என்று அதில் ஒரு கேள்வி. அனுப்ப வழியில்லாவிட்டாலும் எழுதி வைத்தேன்: நடக்க மாட்டார். அரிசிக்குத்தான் பஞ்சம், உதாரணத்துக்கு இல்லை. என்னிடமே ஒன்று இருந்தது.

வேலை பார்த்த வெள்ளைக்காரன் ஆபீஸ் மூடிவிட்டதால், குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பங்கீட்டு அரிசிக் கடையில் கார்டு எழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்தேன். கார்டில் எத்தனை பெயரோ அத்தனை பேருக்குப் பால் டின்னால் அளந்து போடுவார்கள். பிள்ளை பிறந்தால் மறுநாளே கடைக்குச் செய்தி வந்துவிடும். யாராவது செத்தால் வராது. எங்கள் வீட்டுக் கார்டில் என் அப்பா இறந்து ஐந்து மாதமாகியும் இருந்தார். கெடாமலிருக்கக் கலந்த சுண்ணாம்பு நாறுகிறது என்று உயிரோடு இருந்தவரை அந்த அரிசியைத் தொடாதவர், இறந்த பிறகு ஒரு வாரம்கூடத் தவறாமல் வாங்கினார். சாப்பிட்டது நான்.

ஒருநாள் காலை, துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்த அக்கா ஒருவர் கார்டை நீட்டினார். அவர் கணவரை ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடுவார் என்று அவர் பெயர் கார்டிலேயே இருந்தது.

“அவரு பேரை வெட்டிடுங்க தம்பி.”

“ஏன்க்கா, வேற கடைக்கு மாத்துறீங்களா?”

“சயாம்லேருந்து ஒரு ஆளு திரும்பி வந்திருக்காரு. இவரப் பொதைச்சப்ப அவருதான் மண்ணு தள்ளினாராம்.”

வணிக அறம் படித்தவன் குரலைத் தாழ்த்திச் சொன்னது இதுதான்:

“இங்க யாருக்கும் தெரியாதுக்கா. பேரு பாட்டுக்கு இருக்கட்டும். ரெண்டு புள்ளைங்க. சின்னவனுக்கு வெறும் மரவள்ளிக் கிழங்கைத் தின்னே காலு வீங்கிக் கிடக்குது.”

அக்கா திரும்பி வரிசையைப் பார்த்தார்.

“வாரா வாரம் கடைசியில நிக்கிறவங்க வெறும் பையோட போறாங்க. பாத்துக்கிட்டுதானே இருக்கேன். வருவாருன்னு நெனச்சு வாங்கினேன், அது வேற. இனிமே வாங்கினா திருட்டுலா, தம்பி.”

பின்னால் நின்ற கிழவருக்குப் பொறுமை போய்விட்டது. “என்னா கிராணி, பேரைச் சேக்கத்தான் உனக்கு ஒரு மாசம் ஆகும். வெட்டவுமா?”

“அடுத்த வாரம் பாக்கலாம்க்கா,” என்றேன்.

“அடுத்த வாரம் எனக்கு மனசு மாறிடும். இப்பவே வெட்டுங்க.”

பேனாவை எடுத்தேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எந்த வரி என்று மட்டும் தெரிந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, “ரொம்ப அழுத்திடாதீங்க. பேரு தெரியட்டும்,” என்றார்.

மெல்லிய ஒரு கோடு போட்டேன். கிழவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் பங்கை வாங்கிக்கொண்டு அக்கா வெயிலில் இறங்கிப் போனார்.

அன்றைக்கும் வரிசையின் கடைசிவரை அரிசி எட்டவில்லை. முந்தின வாரத்தைவிட இன்னும் ஒருத்திவரை எட்டியது, அவ்வளவுதான். யார் விட்ட பங்கு என்று அவளுக்குத் தெரியாது. அளவு குறைவென்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே போனாள். எனக்கென்னவோ அன்று முழுவதும் நெஞ்சில் ஒரு தெம்பு இருந்தது. ஊரெல்லாம் திருடர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் விளங்கியது.

உடனே போய் அப்பா பெயரை வெட்டினேன் என்று எழுத ஆசைதான். மூன்று வாரம் பிடித்தது. வெட்டிய அன்று கார்டை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிழங்கில் இன்னும் ஒன்றை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினார்.