பூட்டிய வீட்டுக்குள் ஒருவர்

“சாவக் கெடக்கியவங்களப் பாக்கதுக்கு என்னத்துக்கு மக்கா மேனேஜ்மென்ட் படிப்பு? கம்பெனியா நடத்துக?”

எங்கள் சிறிய தொண்டு நிறுவனத்தின் தலைவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். குலசேகரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. நான் அதன் செயலாளர். ஒரே ஒரு நர்ஸ் உண்டு. தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கான நிர்வாகப் படிப்பு மதுரையில் ஒரு கல்லூரியில் நடந்தது. மாதத்தில் ஐந்து நாள் வகுப்பு. பிடிவாதமாகச் சேர்ந்தேன்.

முதல் மாதம் ஒரு தாளைக் கொடுத்து, நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் என்னென்ன நின்றுபோகும் என்று எழுதச் சொன்னார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். வகுப்பில் அதிகம் எழுதியவள் நான்தான். ஆசிரியை வாசித்துவிட்டு, “இதெல்லாம் உங்க ஆபீஸ்ல எங்க எழுதியிருக்கு?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பால்வெட்டுக்காரர்களின் மகள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. என் தலையில் இருப்பது நானாகச் சம்பாதித்தது, அதை ஏன் தாளில் இறக்கிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஊருக்கு வந்தும் எதையும் எழுதவில்லை.

இரண்டாம் மாதம் நான் வகுப்பில் இருந்தபோது, எப்போதும் என்னோடு வரும் நர்ஸ் தனியாக ஒரு வீட்டுக்குப் போனாள். பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போன மனிதர். அன்று அவருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். மனைவி விடியும் முன்பே பால்வெட்டுக்குப் போய்விட்டாள். கதவில் பூட்டுத் தொங்கியது. நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவரை எங்கோ கொண்டுபோயிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டாள்.

வெட்டுக்குப் போகிறவர்கள் படுக்கையில் கிடப்பவரை வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார்கள். நாய் நுழையும் என்ற பயம். சாவி வாசலில் கவிழ்த்த, ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைக்கு அடியில் இருக்கும். நான் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவள். அதை யாருக்காவது சொல்லித்தர வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மனைவி மறுநாள் என்னை அழைத்திருக்கிறாள். வகுப்பில் போனை அணைத்து வைத்திருந்தேன். சாயங்காலம் நான் திருப்பி அழைத்தபோது அவள் எடுக்கவில்லை. குழாய் அடைத்து, காய்ச்சல் கண்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

“நான் நெல்லு வெளையுற பூதப்பாண்டிக்காரி அக்கா,” என்று நர்ஸ் அழுதாள். “பூட்டுன வீட்டுக்குள்ள ஆளு கெடப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இறந்தவரின் மனைவியிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ வந்திருந்தா தொறந்திருப்ப மக்கா” என்றாள். அவ்வளவுதான். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

எங்கள் நிறுவனக் கூட்டத்தில் தலைவர், “படிக்கப் போனதுனாலதானே இந்தக் கேடு, நிறுத்து” என்றார். நிறுத்தினால் மற்ற வீடுகளும் என் ஒருத்தியின் தலைக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும். “போனது தப்பில்லை சார், சொல்லிக் கொடுக்காம போனதுதான் தப்பு” என்றேன்.

நானும் நர்ஸும் ஒரு வாரம் உட்கார்ந்து, வீடு வீடாக ஒரு நோட்டில் எழுதினோம். சாவி எங்கே, யாருக்குப் பேச்சில்லை, வீட்டு ஆள் எத்தனை மணிக்கு வெட்டு முடிந்து வருவார். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நடுவில் நிமிர்ந்து, “மழை பெஞ்சா வெட்டு கெடையாதுல்லா அக்கா? அன்னைக்கு வீட்டுக்காரங்க இருப்பாங்க. குழாய் அடைச்சா என்ன செய்யணும்னு அவங்களுக்கே சொல்லிக் கொடுக்கலாமே?” என்றாள். இத்தனை வருடமும் மழை நாட்களில் நான் அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

படிப்பை முடித்தேன். அதனால் இறந்தவர் திரும்பி வரவில்லை. அவர் மனைவி வழியில் பார்த்தால் இப்போதும் என்னோடு பேசுவதில்லை.

அதே படிப்பின் அடுத்த வகுப்புக்கு நர்ஸின் பெயரை எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை அவள் மதுரைக்குப் போய்விட்டாள். அன்று முதல் அவள் காலையில் போகும் வீடுகளுக்கு நான் போகிறேன், அவள் நோட்டில் வகுத்துக் கொடுத்த வரிசைப்படி.