கிராமபோன் ஜலாலின் பயங்கள்

முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மேலே கோணியைப் போட்டு மூடி, அதற்குள் கையை விட்டுத்தான் ஜலால் பாய் கிராமபோனின் ஸ்பிரிங் டப்பாவைத் திறப்பார். அதற்கு முன் கடையில் இருக்கிறவர்களைத் தெருவுக்கு அனுப்பிவிடுவார். "பாம்பு சார் இது. சுருண்டுகினு சும்மாக் கெடக்கும். மூடியத் தொறந்தா மூஞ்சியத் தேடிக்கினு வரும்" என்பார். இடது புருவத்தை இரண்டாக வெட்டியிருக்கும் தழும்பு, அது ஒருமுறை தேடி வந்ததன் அடையாளம்.

திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் வழியில், பூக்கடைகளைத் தாண்டியதும் அவர் கடை. தையல் மிஷின், பெட்ரோமாக்ஸ் விளக்கு, கிராமபோன் மூன்றையும் பழுது பார்ப்பார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று போன சித்திரையில் பட்டணத்தைக் காலி செய்துவிட்டு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். எதிர்மாடியில் குடியிருக்கிறேன். பயந்து ஓடி வந்த எனக்கே அவருடைய பயம் புதிதாக இருந்தது. கூட்ஸ் வண்டி ஊதினால் கையிலிருப்பதை வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டால், அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று தெரிகிறவரை திருப்புளியைத் தொடமாட்டார்.

"உங்க வீட்டுல யாரும் பட்டாளத்துக்குப் போகலையே, பாய்?" என்றேன் ஒருநாள்.

"எனக்கில்லன்னா இன்னா சார்? யாருக்கோ வருதில்ல?"

தப்பான வேகத்தில் பாடும் பெட்டிகள் சுற்று வட்டாரத்திலிருந்து அவரிடம்தான் வரும். இசைத்தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு வெளியே நீட்டியிருக்கும்படி வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று வருகிறதா என்று எண்ணுவார். கூடினால் கிழவர் குழந்தையாகிவிடுவார். குறைந்தால் பாடகி ஆண்பிள்ளையாகிவிடுவாள். "வேகம் மாறிச்சுன்னா ஆளே மாறிப்பூடுவான் சார்."

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் கண்டிகை கிராமத்திலிருந்து தேவகி வந்தாள். இருபது வயது இருக்கும். முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்து ஒரு சிறிய கறுப்புத் தட்டைக் கொண்டுவந்திருந்தாள். அவள் புருஷன் எல்லப்பன் பட்டாளத்தில் ரோடு போடும் வேலைக்குச் சேர்ந்து எகிப்து தேசத்தில் இருக்கிறான். அங்கே முகாமில் ஒரு வெள்ளைக்காரர் சிப்பாய்களைப் பேசவைத்துத் தட்டில் பதிந்து கொடுத்தாராம். அது தபாலில் வந்து சேர்ந்ததும், ஊரே திரண்டு துணிக்கடைக்காரர் வீட்டுப் பெட்டியில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

"கெணத்துக்குள்ளேருந்து யாரோ முனகற மாதிரி வந்துச்சு பாய். எங்க மாமியா அங்கயே வுழுந்துட்டாங்க. செத்தவன் குரலு, ஆவி பேசுதுன்னு ஊர்ல சொல்லிக்கினுகீறாங்க. மூணு நாளா அவங்க கஞ்சி குடிக்கல. என்னியப் பொட்ட அழிக்கச் சொல்றாங்க" என்றாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. சொல்லும்போதே அதை யாரோ தட்டிப் பறித்துவிடுவார்கள் என்பது போல் கை மேலே போய் மறைத்தது.

ஜலால் பாய் தட்டை வாங்கி நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கடையில் விற்கும் தட்டு போல் கெட்டியானது அல்ல. மெழுகு மாதிரி மிருது. இரும்பு ஊசி ஓடிய தடத்தில் ஏற்கெனவே பொடி உதிர்ந்திருந்தது. "இன்னும் கொஞ்ச தபா ஓட்டினா குரலே தேஞ்சிப்பூடும்மா" என்றார்.

வேலிக்குப் போய்க் கள்ளிமுள் ஒடித்துவந்து, கூராகச் சீவி, ஊசிக்குப் பதில் பொருத்தினார். தம் பெட்டியின் வேகத்தை எண்ணினார், சரியாக இருந்தது. முள்ளை இறக்கினார். அந்த முனகல் வந்தது. பட்டப்பகலில் என் முதுகு சிலிர்த்தது. தேவகி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சட்டென்று முள்ளைத் தூக்கிவிட்டார். "பொட்டி மேல தப்பில்ல. அவன் பேசறப்போ அங்க மிஷினு வெரசா சுத்திகீது. இங்க நெதானமா சுத்தறப்போ குரலு இழுக்குது. ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வேகத் திருகை எட்டியமட்டும் திருப்பியும் போதவில்லை. வேகம் மீறாமல் பிடித்துவைக்கும் தோல்துண்டை, இன்னும் வேகம் கிடைக்கும்படி, கழற்றிச் சீவினார். மறுபடி மாட்டுமுன் தேவகியை எதிரே உட்காரவைத்தார்.

"கேளும்மா. நான் திருகினா எவன் குரலும் உன் புருசன் குரலு மாதிரி ஆயிடும். எனக்கு அதான் பயம். ஆசையில ஆமான்னு சொல்லிடாத."

தட்டின் ஆரம்பத்தில் மட்டும் முள்ளை வைத்தார். 'அம்மா, நான் எல்லப்பன்' என்ற அளவில் தூக்கிவிடுவார். முதலில் தடித்த குரல். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல் கீச்சுக் குரல். பிறகு நல்ல வாலிபக் குரல். எனக்குச் சரியென்று பட்டது.

"இல்ல பாய். இது அவரு இல்ல" என்றாள்.

ஒரு மயிரிழை திருகினார். "இல்ல." மறுபடி. இப்போதும் இல்லையென்றே தலையை ஆட்டினாள். அவள் ஒருவேளை ஆமென்று சொல்லவே மாட்டாளோ என்று எனக்குத் திகிலாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை முள் இறங்கியது. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, "ஆங்" என்று மட்டும் சொன்னாள்.

மாமியார் கோவிந்தம்மாள் கடைக்கு வரமாட்டாள் என்பதால் பெட்டியே கண்டிகைக்குப் போகவேண்டியிருந்தது. பாய்க்கு மாட்டுவண்டி என்றாலும் பயம். அவர் மனைவி அஸ்கரி பேகம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "என்னாங்க, அந்தப் பொண்ணு பொட்டக் காப்பாத்திக்கினு எத்தினி நாளு நிப்பா? போயிட்டு வாங்க." கிளம்பினார். துணைக்கு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். திருகு அசைந்துவிடக்கூடாதென்று வழி முழுக்கப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

வழியில் நான் கேட்டேன்: "பேசினப்போ உயிரோடதான் இருந்திருக்கான். இப்போ?"

அவர் வண்டியின் பின்பக்கம் பார்த்தார். தேவகி சக்கரத்தடத்தில் நடந்து வந்துகொண்டிருந்தாள். "அது மட்டும் கேக்காதீங்க சார்" என்றார் மெல்ல.

கோவிந்தம்மாள் எங்களைக் கண்டதும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். "எடுத்துக்கினு போங்க! எம் புள்ளைய வெச்சிக் கூத்து காட்டாதீங்க!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அலறினாள். ஊரார் தள்ளி நின்றார்கள். ஜலால் பாய் வாசலில் பெட்டியை வைத்து முள்ளை இறக்கினார்.

முதலில் வெறும் இரைச்சல். கடையில் சோதித்துச் சோதித்து, 'அம்மா' என்ற அந்தச் சொல் பாதி தேய்ந்துபோயிருந்தது. அதன்பின் குரல் தெளிந்தது.

"...எல்லப்பன் பேசறேன். நல்லாத்தான் கீறேன். செவலைக்கு லாடம் அடிச்சியா? முன்னங்கால நல்லாப் பாக்கச் சொல்லு. தேவு, ஏ தேவு, அம்மா கூட சண்ட போடாத..."

உள்ளேயிருந்து, "அடிச்சிட்டேன்டா... போன சந்தையிலயே அடிச்சிட்டேன்" என்று ஒரு குரல். தாழ் விலகியது. கோவிந்தம்மாள் வெளியே வந்து பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்தாள். தேவகி கொண்டுவந்த கஞ்சியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"பாய், என்னியக் கூப்புடற எடம் காதுல வுழல. இன்னொரு தபா போடு."

ஜலால் பாய் தட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். புது முள் ஒன்றைச் செருகினார். தட்டு சுற்றத் தொடங்கியதும் கண்களை இறுக மூடிக்கொண்டு, பெட்டியில் முள் தாங்கும் கனத்த தலையின் பாரத்தைத் தம் இரண்டு விரல்களில் ஏந்தி, தட்டின்மேல் பட்டும் படாமலும் இறக்கினார்.